பாறைவிளைக் குன்றின் ஒரே ஃபோர்வீல்

பனச்சமூடு சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாறைவிளைக் குன்றுக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அன்னா நிக்காரு பாரும், ஃபோர்வீல் ராஜையா."

முன்சக்கரம் கேரளத்திலும் பின்சக்கரம் தமிழ்நாட்டிலுமாக ஜீப்பை நிறுத்திக்கொண்டு நிற்பார் என்று சிலர் சொல்வார்கள். அது மிகை. ஆனால் மிகையைக் கழித்துவிட்டால் ராஜையாவைப் பற்றிச் சொல்ல அதிகம் மிச்சமிருக்காது. ஐம்பத்தொன்பது வயது. காற்றுக்கு ஆடுகிற உடம்பு. வாரநாட்களில் கைலி, ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் வெள்ளை வேட்டி. சபையில் பாடல் குழுவின் கடைசி வரிசையில் நின்று வாயசைப்பார், சத்தம் வராது. அந்தச் சபையில் இன்னும் மூன்று ராஜையாக்கள் உண்டு என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னொட்டு தேவைப்பட்டது. ரேஷன்கடை ராஜையா, சர்க்கரை ராஜையா (வியாபாரம் அல்ல, வியாதி), டவர் ராஜையா. நம்மவருக்குக் கிடைத்தது ஃபோர்வீல். நான்கில் கௌரவமானது அதுதான். நான்கில் பொய்யானதும் அது மட்டும்தான்.

பொய் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் சொல்லப் பதினோரு வருடம் ஆயிற்று.

அந்த ஜீப் பிறந்தபோது ஃபோர்வீல்தான். இயந்திரத்தின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போவதோடு, நீளமான ஓர் இரும்புத் தண்டு வழியாக முன்சக்கரங்களுக்கும் போகும். அந்தத் தண்டை அந்தப் பக்கத்தில் 'ஜாயின்ட்' என்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் முன்பக்க ஜாயின்ட் கடகடவென்று சத்தம் போட்டது. மெக்கானிக் தங்கையன் அதைக் கழற்றி, பட்டறை மூலையில் சாத்தி வைத்து, "நாளைக்கு வாரும், மாட்டித் தாறேன்" என்றார். மறுநாள் வேறு வண்டி. அதற்கு மறுநாள் கட்சிக்காரர்களின் கடையடைப்பு. இரண்டு மாதம் கழித்துத் தங்கையன் பட்டறையைப் பூட்டிவிட்டு மகளோடு இருக்கக் குவைத்துக்குப் போய்விட்டார். இதற்குள் ராஜையா இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்திருந்தார். ஒன்று, ஜாயின்ட் இல்லாத ஜீப் டீசலைக் குறைவாகக் குடித்தது. இரண்டு, குன்றில் அது முன்னைப் போலவே ஏறியது. இரண்டாவது கண்டுபிடிப்பு அவருக்கே அதிர்ச்சி.

ஏறியதற்குக் காரணம் இருந்தது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒரு பங்கு பிரிப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நியாயம் விசித்திரமானது. தரையைப் பிடித்துக்கொண்டு உழைக்கிற சக்கரத்துக்கு ஒன்றும் தரமாட்டார். அந்தரத்தில் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுப்பார். ஆகவே ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் வண்டி நின்றுபோகும். மற்ற ஜீப்காரர்கள் அந்த இடத்தில் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்வார்கள். ராஜையா நேரெதிர். வழியில் நடந்து போகிறவர்களையும் பிடித்து ஏற்றுவார்.

"வண்டியில கேறுங்க. யாரும் எறங்கப்பிடாது. பாரம் வேணும் பாரம்."

யாருக்கு எந்த இடம் என்பதை எடைதான் தீர்மானிக்கும். குன்றின் மேலுள்ள பதினான்கு வீட்டாரின் எடையும் அவருக்கு மனப்பாடம். யாராவது இளைத்தால் வீட்டாருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். மெலிந்தவர்கள் முன்சீட்டில். கனத்தவர்கள் பின்னால், அச்சுக்கு நேர் மேலே. வேறு ஊர்களில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை மரியாதை, பாறைவிளையில் அதில் உட்காரச் சொன்னால், "நான் அவ்வளவுக்குப் போயிட்டேனா?" என்று பெண்கள் கண்கலங்குவார்கள்.

எல்லாருக்கும் மேலே புஷ்பபாய். ராஜையாவின் மனைவி, குன்றின் மேல் உள்ள அங்கன்வாடியில் ஆயா, எழுபத்தெட்டு கிலோ. தினமும் காலையில் அவர் மேலே போக வேண்டியிருந்ததால் ஜீப்புக்கும் தினமும் மேலே போக முடிந்தது. பாறைப் பிளவில் இடதுசக்கரம் தூக்கும்போது ராஜையா திரும்பிப் பார்க்காமலே கூவுவார்: "புஷ்பம், எடத்து!" புஷ்பபாய் இடதுபக்கம் நகர்வார். சக்கரம் கீழே இறங்கித் தரையைக் கடிக்கும். அதோடு ராஜையா ஒரு வேலை செய்வார்: வலதுகாலால் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இடதுகாலால் பிரேக்கை மெல்லத் தொடுவார். சும்மா சுற்றுகிற சக்கரம் அந்தப் பிடிக்குச் சற்று அடங்கும்; மிச்ச சக்தி உழைக்கிற பக்கத்துக்குப் போகும். முன்னே போக வேண்டுமானால் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

ஆனால் இதெல்லாம் பயணிகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது சடங்கு மட்டும். ஏற்றத்தின் அடியில் ராஜையா ஜீப்பை நிறுத்துவார். இறங்கி, முன்சக்கரங்களின் நடுக்குமிழை ஒவ்வொன்றாகத் திருகுவார். கைலியில் கையைத் துடைப்பார். ஏறி உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்திலுள்ள குட்டை லீவரை ஒரு முக்கலோடு இழுப்பார். "விழுந்தாச்சு ஃபோர்வீல்" என்பார். பின்னால் எல்லாரும் மூச்சை விட்டுச் சாய்ந்து உட்கார்வார்கள். அந்த லீவர் இப்போது எதையும் அசைப்பதில்லை, அவருடைய தோள்பட்டையைத் தவிர.

வண்டி நகர்ந்தால் முன்சக்கரமும் கூடவே உருளும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மாட்டிக்கொண்டு நின்று, பின்சக்கரம் சுற்றி முன்சக்கரம் சும்மா இருப்பதை ஒருவன் வெளியே நின்று பார்த்தால்தான் ஆபத்து. வெளியே யாரையும் நிற்கவிடாததன் இரண்டாவது காரணம் அதுதான். அப்படி ஒருவன் பார்த்துவிட்டால் பட்டம் போகும். பிறகு அவர் சபையின் நான்காவது ராஜையா. எந்த முன்னொட்டு வரும் என்று அவர் யோசித்துப் பார்ப்பதுண்டு. 'டூவீல்' என்று வைத்துவிட்டால் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் போலாகிவிடும்.

இந்த நிலையில்தான் அக்காள் மகன் ஜிஜின் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து புது எஸ்யூவி வாங்கினான். வெள்ளைநிறம். உள்ளே வீட்டு டிவி அளவுக்குத் திரை. கியருக்குப் பின்னால் ஒரு வட்டத் திருகு: சேறு, மணல், பனி என்று மூன்று மோடு. நெய்யாற்றின்கரை தாலுகாவில் பனி எப்போது பெய்யும் என்று யாரும் கேட்கவில்லை. வந்தால் ஜிஜின் தயார்.

"ஃபோர்வீலாலே?" என்று ராஜையா கேட்டார். கேள்வியில் பயம் இருந்தது.

"பின்ன! மட் மோடு உண்டு மாமா. டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆக்கும். எந்த வீலு வழுக்குதோ அத கம்ப்யூட்டர் தானே பிரேக் பிடிச்சு நிறுத்தும். நாம ஒண்ணும் செய்யாண்டாம்."

"நாம ஒண்ணும் செய்யாண்டாமா?"

"சும்மா இருந்தா போரும்."

ராஜையா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்க இடதுகால களத்தி அந்த வண்டியில வச்சிருக்கானுவ" என்று மனைவியிடம் சொன்னார். "உன்னையும்" என்று சேர்த்துக்கொண்டார். புஷ்பபாய்க்கு அது புகழ்ச்சியா என்று தெரியவில்லை.

துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், குன்றின் மேல் வீட்டு சதாசிவனின் மகள் பிரசீதாவுக்குக் கல்யாணம். தாலிகட்டு காலையில் செங்கல் என்கிற ஊரின் கோவிலில். சாப்பாட்டையும் அங்கே பக்கத்து ஆடிட்டோரியத்தில் வைத்திருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அதனாலேயே சதாசிவன் வீட்டில் வைத்தார். சமையல் மேலே, பால்பாயசமும் முந்நூறு போளியும் மட்டும் பனச்சமூட்டில் சொல்லி வைத்தது. அந்த நாட்டில் கறி குறைந்தால் மன்னிப்பார்கள். போளிக்குப் பாயசம் வராவிட்டால், பெண்ணைக் கூட்டிப் போவதா என்று ஒருமுறை யோசிப்பார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் துலாமழை கொட்டித் தீர்த்தது. காலையிலிருந்து ராஜையா ஆறு நடை ஏற்றிவிட்டார். பெண் மாப்பிள்ளை உட்பட. பெண் முன்சீட்டில், மாப்பிள்ளை பின்னால். ஒவ்வொரு நடையும் செம்மண்ணை நன்றாகப் பிசைந்து கொடுத்தது. ஏழாவது நடை பாயசம்.

இரண்டு பெரிய அண்டா பால்பாயசம், வாயில் துணி கட்டிப் பின் அச்சுக்கு மேலே. அவற்றுக்கு நடுவே, மடியில் போளிக் கூடையோடு புஷ்பபாய். ராஜையாவுக்கு மனநிறைவு. அப்படியொரு சீரான பாரம் எப்போதாவதுதான் கிடைக்கும்.

ஏற்றத்தின் அடியில் ஜிஜினின் வெள்ளை வண்டி முன்னால் நின்றது. உள்ளே மாப்பிள்ளையின் அம்மாவன் மோகனன். தாய்மாமனை அங்கே அப்படித்தான் சொல்வது. அதியன்னூர்க்காரர், ஓய்வுபெற்ற ரிஜிஸ்திரார், பொன் ஜரிகைக் கசவு வேட்டி, தொண்ணூற்றாறு கிலோ இருக்கும் என்று ராஜையா பார்த்த மாத்திரத்தில் கணித்தார். அந்த உடம்பை முன்சீட்டில் வைத்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஜீப்பில் ஏறச் சொன்னபோது மோகனன் மறுத்துவிட்டார். "பின்னாலா? ஞான் அம்மாவனாக்கும், அரிச்சாக்கு அல்ல" என்றார். ஆகவே ஜிஜின் முன்வந்தான். பின்சீட்டில் இன்னும் மூன்று உறவினர்கள்.

வெள்ளை வண்டி புறப்பட்டது. பாதிவரை காங்கிரீட், அது ஒரு தேர்தலுக்கு வந்தது, மறுபாதி இன்னொரு தேர்தலுக்காகக் காத்திருக்கிறது. காங்கிரீட் முடிந்த இடத்தில் பாறைப் பிளவு. வெள்ளை வண்டியின் இடது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கியது. இப்போது நிற்கும் என்று பின்னால் வந்த ராஜையா ஆவலோடு பார்த்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் பிரேக்கைத் தொட்டது போல் அது அடங்கியது. வலதுசக்கரம் பாறையைப் பிடித்தது. வண்டி ஏறிப் போய்விட்டது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

"பாத்தியா புஷ்பம்? உள்ள உன்னப்போல ஒருத்தி ஒளிஞ்சிருக்கா."

"ஒளிஞ்சிருக்க எடம் உண்டா? உண்டுன்னா என்னப்போல இல்ல" என்றார் புஷ்பபாய்.

ஜீப்பும் இரண்டு "எடத்து"க்கும் ஒரு "வலத்து"க்கும் பிறகு ஏறியது. பாயசம் தளும்பியது, சிந்தவில்லை.

அடுத்தது வழுக்கல்: நாற்பது மீட்டர் செம்மண் சேறு. அங்கே வெள்ளை வண்டி நின்றுவிட்டது. ஜிஜின் திருகைச் சேற்றுக்குத் திருப்பினான், முன்சக்கரங்கள் சுற்றின. சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து அடக்குவதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் படித்த படிப்பு. ஒரு சக்கரம் தப்புச் செய்தால் அது நல்ல வாத்தியார். இரண்டும் சேர்ந்து தப்புச் செய்தால் அது வகுப்பையே கலைத்துவிடும். ஜிஜின் மிதிக்க மிதிக்க, இயந்திரம் சக்தியைக் குறைத்துக்கொண்டே போனது. திரையில் ஒரு குட்டிக் கார் வளைந்து வளைந்து வழுக்கும் படம் மஞ்சளாக மின்னியது. பார்க்க அழகாக இருந்தது.

அவன் மணலுக்குத் திருப்பினான். பிறகு பனிக்கும் திருப்பிப் பார்த்தான்.

மோகனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முதல் பந்தி பன்னிரண்டரைக்கு. அம்மாவன் இல்லாம பந்தி இருந்தா அது எந்து கல்யாணம்?" சொல்லிவிட்டு இறங்கினார். மற்ற மூவரும் இறங்கிச் சாலையோரத் திட்டில் ஏறி நின்றார்கள். ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார்.

"மாமா!" ஜிஜின் கூவினான். "பக்கத்தில எடம் உண்டு. நீங்க ஃபோர்வீலப் போட்டு முன்ன கேறி, கயிறு கட்டி இழுங்க!"

ராஜையா திட்டைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக வெளியே ஆட்கள். அதுவும் அவருடைய சட்டம் தெரியாத வெளியூர்க்காரர்கள்.

"எல்லாரும் ஜீப்பில கேறுங்க. பாரம் வேணும்" என்றார்.

"பாயசம் உண்டல்லோ" என்றார் மோகனன், அசையாமல்.

வேறு வழியில்லை. இறங்கினார், குமிழ்களைத் திருகினார், கையைத் துடைத்தார், ஏறினார், முக்கினார். "விழுந்தாச்சு ஃபோர்வீல்." குரலில் வழக்கமான திடம் இல்லை. சேற்றின் ஓரத்தில் ஏறிய ஜீப் பாதி நீளம் போய் நின்றது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள், பந்திக்கு இன்னும் கூப்பிடாத விருந்தாளியைப் போல, அசையாமல் நின்றன.

திட்டில் நின்றவர்கள் இறைந்த சேற்றிலிருந்து வேட்டியையும் போனையும் காப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ஜிஜின் மட்டும் பார்த்துவிட்டான். முன்சக்கரத்தைப் பார்த்தான். குனிந்து அடியில் பார்த்தான். மெல்ல நடந்து வந்து டிரைவர் பக்கம் தலையை நீட்டினான்.

"மாமா… முன்வீலு சுத்தல்ல."

"பைய பேசு."

"அடியில ஜாயின்டே இல்லியே மாமா!"

"எலே, பைய பேசுன்னு சொன்னேன். உனக்க பின்வீலு சுத்திச்சா?"

ஜிஜின் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான். பின்சக்கரங்கள் இரண்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன. சேறு எல்லாம் முன்னால்தான்.

"அதில மட் மோடு உண்டு" என்றான், ஈனக்குரலில்.

"மோடு உண்டு. வீலு உண்டா?"

"கடைக்காரன்… ஆல் டெரெய்ன்னு சொன்னான்."

"ஃபோர்வீல்னு சொன்னானா?"

"நான் கேக்கல்ல. கேட்டா மோசமில்லியா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனும் மருமகனும் அவ்வளவு ஒத்த முகத்தோடு அதற்கு முன் எந்தக் குடும்பப் படத்திலும் இருந்ததில்லை.

"வெளிய சொல்லுவியாலே?"

"உங்க பேரு போவும். எனக்க வண்டிக்க கதையும் கூட வரும்" என்றான் ஜிஜின். பிறகு, "சொல்லமாட்டேன் மாமா" என்றான்.

பின்னாலிருந்து புஷ்பபாய் பெருமூச்சு விட்டார். "ரெண்டுபேரும் குசுகுசுத்துத் தீந்தாச்சா? அவனுக்கு முன்னால ரெண்டு வீலு. உங்களுக்குப் பின்னால ரெண்டு. கூட்டினா எத்தன? எனக்க அங்கன்வாடிப் பிள்ள சொல்லும்."

ராஜையா இருக்கையில் இருந்தபடியே திரும்பினார். "உனக்கு எப்பம் தெரியும்?"

"தங்கையன் குவைத்துக்குப் போன அன்னைக்கு. நீங்க உறக்கத்தில 'ஜாயின்ட், ஜாயின்ட்'னு பொலம்பினீங்க. பாயசம் ஆறுது, ஆவ வேண்டியதப் பாருங்க."

பிறகு நடந்ததில் ராஜையாவின் கை தெரிந்தது. ஜீப்பைப் பின்னால் உருட்டி, வெள்ளை வண்டிக்கு நேர் பின்னே கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவே ஸ்டெப்னி டயரைக் கட்டினார். சக்கரங்களின் காற்றைப் பாதிக்குமேல் இறக்கினார். தளர்ந்த டயர் சேற்றில் அகலமாகப் படியும். ஜிஜினிடம் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்கச் சொன்னார்.

"அணைக்கப்பிடாது மாமா. புக்கில எழுதியிருக்கு."

"புக்கு எழுதினவன் தார்ரோட்டில இருந்து எழுதியிருப்பான். வீலு சுத்தினாத்தான் மண்ண உதறும். அத பிடிச்சு வச்சா எப்பிடி? பிளவில அது வேணும், இஞ்ச அது வேண்டாம். எல்லா எடத்திலயும் நல்லதுன்னு ஒண்ணு உண்டாலே?"

ஜிஜின் பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. அவன் அதைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"இனி முன்வீலுக்குப் பாரம் வேணும்" என்றார் ராஜையா. பார்வை மெல்லத் திட்டின் மேல் போய், தொண்ணூற்றாறு கிலோவில் நின்றது.

"எந்து நோக்குன்னு?" என்றார் மோகனன்.

"அம்மாவன் பின்னால இருக்கமாட்டீங்கன்னு சொன்னீங்க. சரியாக்கும். அம்மாவனுக்க எடம் முன்னால. சும்மா முன்னால இல்ல, எல்லாத்துக்கும் முன்னால."

"எவிடெ?"

"பானட்டில."

ஜிஜின் முனகினான், அந்தப் பெயின்ட்டுக்கு வயது பதினெட்டு நாள். மோகனன் கடிகாரத்தைப் பார்த்தார். மேலே பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் என்ற சொல் அவருக்குள் வேலை செய்தது. கசவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டுபேர் தூக்கிவிட, பானட்டின் மேல் ஏறிச் சம்மணமிட்டு அமர்ந்தார். இரண்டு கையிலும் இரண்டு வைப்பர். உற்சவமூர்த்திக்குக் குடையொன்றுதான் குறைவு. மற்ற மூவரும் ஜீப்பின் பின்னால் பாயசத்தோடு அடைக்கப்பட்டார்கள்.

"கண்ணு தெரியல்ல மாமா! முன்னால முழுக்க அம்மாவனாக்கும்!"

"தலைய வெளிய நீட்டி ஓட்டு மக்கா. இப்பம் மிதி!"

முன்னால் இரண்டு சக்கரம் சேற்றை உதறி இழுத்தன. பின்னால் இரண்டு சக்கரம் பாயசத்தின் கனத்தோடு உந்தின. ராஜையாவின் இடதுகால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டது. "புஷ்பம், வலத்து! வலத்து!" புஷ்பபாயோடு மூன்று உறவினர்களும் வலதுபக்கம் சாய்ந்தார்கள். மோகனன் மலையாளத்தில் சில தெய்வங்களையும், அவை போதாமல் ஜிஜினின் அப்பனையும் கூப்பிட்டார். வைப்பர்களை ஜிஜின் கைதவறி முடுக்கிவிட, அவருடைய இரண்டு கையும் தாமாகவே ஆடி, இல்லாத கூட்டத்துக்கு அருள்பாலித்தன. பாறைவிளைக் குன்றின் வரலாற்றில் பதினோரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு ஃபோர்வீல் ஏறியது. அதற்கு இரண்டு வண்டி தேவைப்பட்டது.

மேலே சதாசிவனும் மனைவி ஸ்ரீகுமாரியும் முற்றத்திலிருந்து பார்த்தார்கள். முதலில் ஒரு மனிதர் அமர்ந்த நிலையில் மேடேறி வந்தார். பிறகு அவருக்கு அடியில் ஒரு வெள்ளை வண்டி. கடைசியில், அதை முட்டித் தள்ளிக்கொண்டு ராஜையாவின் ஜீப். பார்த்தவர்களுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: லட்சக்கணக்கில் வாங்கிய வண்டியை ஃபோர்வீல் ராஜையா தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

பந்தியில் மோகனன் அதையே உரக்கச் சொன்னார். "ஆ புதிய வண்டி, அது டிவி. ஜீப்பாக்கும் வண்டி. நாலு வீலும் சேற்றைக் கடிச்சுப் பிடிச்சு கேறிச்சு. ஞான் என்றெ கண்ணால கண்டதாக்கும்." ஏறிய நேரம் முழுக்க ஜீப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

"எலே ஜிஜினே, அந்த வண்டியக் குடுத்துட்டு ஒரு ஆட்டோ வாங்கு" என்றது ஒரு குரல்.

"ஆட்டோவத் தள்ளவும் லேசு" என்றது இன்னொன்று.

பந்தி சிரித்தது. ஜிஜின் இலையைப் பார்த்துக் குனிந்து, போளியைப் பாயசத்தில் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சிரிப்பு எதிர் இலைக்குத் திரும்பிவிடும். அவன் சொல்லவில்லை. எதிர் இலையில் இருந்த ராஜையா போளியிலிருந்து கையை எடுத்தார். பதினோரு வருடமாக யாரும் தன்னைக் கண்டுபிடிக்கக்கூடாது என்றுதான் பயந்தார். கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொண்டு அடி வாங்குவான் என்று நினைத்துப் பயப்பட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

இலைக்கு முன்னால் எழுந்து நின்றார். பந்தியில் பாதியில் எழுவது தவறு. பாயச வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"ஒரு காரியம் உண்டு. எனக்க ஜீப்பு ஃபோர்வீல் இல்ல. பதினோரு வருசமாட்டு இல்ல. முன்னால ஜாயின்டே கெடையாது. இன்னைக்குக் கேறினதில பாதி அவனுக்க வண்டிக்க பலமாக்கும்."

முதலில் சதாசிவன் சிரிக்கத் தொடங்கினார்; பந்தியே அதிரச் சிரித்தது.

"பாத்தியளா! மருமவனுக்க மானத்தக் காக்க ராஜையா அண்ணன் என்ன சொல்லியாருன்னு!"

"இல்ல சதாசிவன், சத்தியமாட்டு! வந்து குனிஞ்சு பாருங்க!"

பாயசத்தின் இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தது. யாரும் எழவில்லை.

"மாமன் சொன்னது நேராக்கும்" என்றான் ஜிஜின், முகம் சிவந்து. "நானும் பாத்தேன்."

"மாமன் பேச்சத் தட்டாத பையன்" என்று ஸ்ரீகுமாரி நெகிழ்ந்து, அவன் இலையில் ஒரு போளியும் ராஜையாவின் இலையில் இரண்டும் வைத்தார். மோகனனின் கண்கள் நிறைந்துவிட்டன. "அம்மாவன்னா" என்று தழுதழுத்தார், "இதாக்கும் அம்மாவன்." பிறகு பாயசத்தைக் குடித்தார்.

பெண்கள் வரிசையிலிருந்து புஷ்பபாயின் குரல் வந்தது. "சொல்லியாச்சில்லா? இனி இருங்க. மத்தவங்களுக்குச் சாப்பிடாண்டாமா?"

ராஜையா உட்கார்ந்தார். இத்தனை நாள் லீவரை முக்கி இழுத்துக் காப்பாற்றிய பெயர், உண்மையைச் சொன்னதும் இரண்டு மடங்காகிவிட்டிருந்தது. அதைக் குறைக்க இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கை கழுவுகிற இடத்தில் ஜிஜின் பக்கத்தில் வந்து நின்றான்.

"இப்பம் என்ன மாமா செய்யியது?"

"நாம சொல்லியாச்சு. கேக்காதது அவங்களுக்க குற்றம்." ராஜையா கைலியைத் தேடி, கட்டியிருப்பது வெள்ளை வேட்டி என்று நினைவு வந்து, கையை உதறினார். "ரெண்டாம் பந்திக்கு கீழ எட்டுபேரு நிக்காவ. வண்டிய எடு."

"என்னத்துக்கு மாமா? நீங்க போனா போராதா?"

"போராது. நீ வரல்லன்னா எனக்க ஜீப்பு ஃபோர்வீல் இல்லேல்லா."